வெட்டி எறிந்த ஏழு நிமிடங்கள்

இந்த ஊரில் கவிதை கேட்பவர்கள் கைதட்டுவதில்லை. ஒரு கவிதை முடிந்ததும் மண்டபத்தின் நாலு பக்கமிருந்தும் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் எழும், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஹெட்போன் வழியாக அதைக் கேட்டபோது யாருக்கோ சுகமில்லை என்று நினைத்து எழுந்து நின்று பார்த்தேன். எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பிடித்த வரி வந்தால் அப்படி முனகுவதுதான் இங்கே மரியாதை என்று பிறகு தெரிந்துகொண்டேன். கண்டியில் ஒரு கவியரங்கில் நல்ல வரி வந்தால் பின்வரிசையிலிருந்து யாராவது "திருப்பிச் சொல்லுங்க சேர்" என்று கத்துவார்கள். கவிஞரும் வெட்கப்படாமல் இரண்டாம் தரம் சொல்வார். பிடிக்காவிட்டால் கதிரைகள் நகரும் சத்தம் கேட்கும். இங்கே பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதை அந்த ஒற்றை முனகலின் நீளத்தை வைத்துத்தான் கணக்குப் பண்ண வேண்டும்.

நான் எழுத்தாளன் இல்லை. சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய அமெரிக்கப் பட்டணத்தில், பல்கலைக்கழகத்தின் படைப்பெழுத்துத் துறையில் ஒலிப்பதிவு செய்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு கவிஞர் வருவார். ஊர்மக்களும் வந்து கேட்கலாம். வாசிப்பு முடிந்ததும் கலந்துரையாடல் நடக்கும். நான் மைக்குகளையும் கமராக்களையும் பொருத்தி, எல்லாவற்றையும் பதிந்து, பிறகு ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்படி வெட்டி ஒட்டி, துறையின் இணையத்தளத்தில் ஏற்றுவேன். குண்டசாலையில் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடும் கடையில் பதினொரு வருடம் நின்றவன் நான். திருவிழா, கல்யாணம், தேர்தல் கூட்டம், கவியரங்கு எல்லாவற்றுக்கும் செட் கட்டியிருக்கிறேன். லொத்தர் குலுக்கலில் விசா விழுந்து இங்கே வந்து, முதல் நான்கு வருடம் இறைச்சி பொதி செய்யும் தொழிற்சாலையில் குளிரில் நின்ற பிறகு, இந்த வேலை கிடைத்தபோது பிழைத்தேன் என்றுதான் நினைத்தேன். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு இது பெரிய உத்தியோகம்போலத் தெரியும். என்னைப்போல வந்து சேர்ந்தவர்களுக்குத் தெரியும், இது மேடைக்குப் பின்னால் நிற்கிற வேலை. பெயர் எங்கும் வராது. நான் செய்ததையும் அதனால்தான் இரண்டு மாதம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மகேந்திரனை எனக்குக் கவியரங்குகளில்தான் பழக்கம். அலவத்துகொடைக்கு அப்பால் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் தமிழ் படிப்பித்தான். மாத்தளை வீதியில் வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே கண்டிக்கு வந்து, வாசிகசாலையின் மேல்மாடி மண்டபத்தில் தன் முறை வரும்வரை என் அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். எவ்வளவு சின்னக் கவிதையென்றாலும் தாளைப் பார்த்துத்தான் வாசிப்பான். தாள் இல்லாமல் வாய் திறந்தால் வாத்தியார் பேச்சு வந்துவிடும் என்பான். அவன் கவிதைகளில் பெரிய வார்த்தை இருக்காது. தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிற்கும் குடங்கள், வீட்டு இலக்கம் இல்லாததால் தோட்டத்துப் பெயருக்கு வந்து அங்கேயே கிடக்கும் கடிதங்கள், சரிவில் கட்டிய வீட்டில் உருண்டுகொண்டே இருக்கும் ஒரு பந்து, இப்படி. தோட்டத்து லய வரிசையறையில் பிறந்தவன், ஆசிரியர் சம்பளத்தில் கடன் எடுத்து தோட்டத்தின் கீழ்ப்பிரிவை ஒட்டி ஏழு பேர்ச் நிலம் வாங்கி இரண்டு அறை கட்டினான். எங்கள் மலையகத்து ஆட்களில் சொந்தப் பெயரில் காணி உறுதி வைத்திருந்த முதல் ஆள் எனக்குத் தெரிந்து அவன்தான். அந்தச் சரிவுக்குப் பால் காய்ச்சப் போனபோது, மூச்சிரைக்க ஏறிய எங்களைப் பார்த்து, "என்னா மச்சான், சொந்த வீடுன்னா கொஞ்சம் மேலதான் இருக்கும்" என்று சிரித்தான்.

கடந்த வருடம் துறையில் மலைநாடுகளின் கவிஞர்கள் என்று ஒரு தொடர் வைத்தார்கள். துறையின் ஒருங்கிணைப்பாளர் ஜூடித், அறுபது வயதுக்காரி, அன்பானவள். "உன் நாட்டில் மலை இருக்கிறதல்லவா, யாராவது இருக்கிறார்களா?" என்று என்னைக் கேட்டாள். ஒரு மாணவி மகேந்திரனின் நாலு கவிதைகளை என் உதவியோடு ஆங்கிலத்தில் எழுதினாள். அவனுக்கு விசா எடுத்துக் கூப்பிட வசதி இல்லை. திரையில் வந்து வாசித்தால் போதும் என்றார்கள். அவனுடைய நேரத்துக்கு ஒத்துவர வேண்டுமென்று நிகழ்ச்சியை இங்கே காலை ஒன்பது மணிக்கு, அங்கே இரவாகும் நேரத்துக்கு வைத்தார்கள். அவன் வீட்டில் சிக்னல் சரியில்லாததால் பின்னேரமே புறப்பட்டு, குண்டசாலையில் என் தங்கை வீட்டுக்கு வந்து, வெள்ளைச் சட்டையோடு கணினி முன்னால் உட்கார்ந்தான். மொழிபெயர்த்துச் சொல்ல ஏற்பாடு செய்திருந்த ஆள் அன்று காலை காய்ச்சல் என்று வரவில்லை. ஜூடித் என்னைப் பார்த்தாள். என் ஆங்கிலம் மைக் பொருத்துகிற அளவுக்குப் போதும். மேடைக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மண்டபத்தில் ஆறு வருடமாகச் சுவரோரம் நின்றவனை முதல்முறையாக மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். போனேன்.

மகேந்திரன் "வணக்கம்" சொல்லி முதல் கவிதையை வாசித்து முடித்தான். மண்டபம் "ம்ம்ம்" என்றது. அந்த முனகல் அங்கே போய்ச் சேரவில்லை. திரையில் அவன் முகம் வாடிவிட்டது.

"என்னா மச்சான், ஆளுங்க இருக்காங்களா, இல்ல லைன் கட்டாயிருச்சா?"

"இருக்காங்கடா. நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

"ஒன்னும் கேக்கலியே."

"இங்க அப்படித்தான். நீ வாசி."

லைன் அன்று நன்றாக இல்லை. அவன் குரல் இடையிடையே உடைந்தது. ஒவ்வொரு கவிதைக்குப் பிறகும் மாணவி ஆங்கிலத்தில் வாசித்தாள். கவிதைகளை அச்சிட்ட தாள் எல்லோர் கையிலும் இருந்தது. பிறகு கலந்துரையாடல். முன்வரிசையில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் மார்த்தா என்ற கிழவி கையை உயர்த்தினாள். காது கொஞ்சம் மந்தம் அவளுக்கு. "அங்கே அவருக்குப் பாதுகாப்பா?" என்று கேட்டாள். வெளிநாட்டுக் கவிஞர் யார் வந்தாலும் இங்கே இந்தக் கேள்வி வரும். அரசாங்கம், பொலிஸ், சிறை இவற்றைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் யோசிக்கவே இல்லை.

"அங்க எழுதுறதுல ஒனக்கு ஏதும் பயம் இருக்கான்னு கேக்குறாங்க."

மகேந்திரன் தாளைக் கீழே வைத்தான். "எழுதுறதுக்கு என்னா பயம். எனக்கு மழைக்குத்தான் பயம். வீட்டுக்கு மேல மலையில வெடிப்பு விட்டிருக்கு மச்சான். போன மழைக்கு ரெண்டு வெரல் அகலம் இருந்துச்சு, இப்ப கையே உள்ள போகுது. யாரும் ஏறி வந்து பாக்கல."

இருபத்தைந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவிஞன் பேசுகிறான், மழை என்கிறான், மலை என்கிறான், விரிசல் என்கிறான். நான் இப்படிச் சொன்னேன்: அவர் மழைக்கு மட்டுமே அஞ்சுகிறார். எங்கள் மலை வாழ்க்கையில் விரிசல்கள் இருக்கின்றன. வருடத்துக்கு வருடம் அவை அகலமாகின்றன. ஏறி வந்து பார்ப்பவர் யாரும் இல்லை.

மண்டபம் முனகியது. நான் அங்கே கேட்ட முனகல்களில் அதுதான் நீளமானது. ஜூடித் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது. மகேந்திரனுக்கு ஆங்கிலம் பேச வராதே தவிர, கேட்டால் ஓரளவு புரியும். அவன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான்.

"இல்ல மச்சான், நெசமாத்தான் சொல்றேன். வெடிப்புன்னா வெடிப்புத்தான்."

அவன் பேசும்போதே ஜூடித் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள். அன்றைய இரண்டாவது கவிஞர் காத்திருந்தார். நான் சபையைப் பார்த்து, நன்றி சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டேன்.

அடுத்த நாள் பதிவை வெட்ட உட்கார்ந்தபோது அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற தமிழரும் பார்க்கக்கூடிய இணையத்தளம். நான் சொன்னதையும் அவன் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சிரிக்கும். மகேந்திரனின் தமிழ் வாசிப்பில் ஒலி உடைகிறது, மாணவியின் ஆங்கில வாசிப்பை மட்டும் அவன் புகைப்படத்தோடு போடலாம் என்று ஜூடித் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கலந்துரையாடலில் எதை வைப்பது எதை எடுப்பது என்பதை என் விருப்பத்துக்கு விட்டிருந்தாள். அவன் பேசிய ஏழு நிமிடத்தையும் முழுசாக எடுத்தேன். நேரம் போதவில்லை என்று எனக்கு நானே ஒரு காரணமும் வைத்துக்கொண்டேன். மிஞ்சியது ஒரு "வணக்கம்". வேலை ஒப்புக்கொள்ளப்பட்டதும் மூலப்பதிவை அழித்துவிட வேண்டும் என்பது இங்கே ஒழுங்கு. அந்த ஒழுங்கை நான் பல தடவை மறந்திருக்கிறேன். அந்தத் தடவை மறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவனைத் தொலைபேசியில் பிடித்தேன். இணைப்பை அனுப்பியிருந்தேன், பார்த்திருந்தான். கோபம் இல்லை.

"நல்லா பண்ணியிருக்காங்க மச்சான். அந்தப் புள்ள வாசிக்கிறது எனக்கே புதுசா இருக்கு. என்னைய மட்டும் காணோம்."

"லைன் சரியில்லடா. சத்தம் ஒடஞ்சு போச்சு."

"சரி சரி. நீ அன்னைக்கி சொன்னதுதான் கவிதை. நான் சொன்னது முறைப்பாடு." சிரித்தான். நானும் சிரித்தேன். வெடிப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. மகள் தர்ஷினிக்கு உயர்தரப் பரீட்சை வருகிறது, கணக்குக்கு டியூஷன் போகிறாள் என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

கார்த்திகையில் நாட்டையே புரட்டிப்போட்ட அந்தப் புயல்மழை வந்தது. ஊரில் இருந்தவர்களுக்கு நான் அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. புலம்பெயர்ந்தவர்களுக்கும் தேவையில்லை. நாம் எல்லோரும் அந்த நாட்களில் கைத்தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. மின்சாரம் இல்லை, தொலைபேசிக் கோபுரங்கள் விழுந்துவிட்டன, யாருக்கும் லைன் போகவில்லை. என் தங்கை இரண்டாம் நாள் பேசினாள். குண்டசாலைக்கு ஒன்றுமில்லை, ஆறு மட்டும் ஏறியிருக்கிறது என்றாள். மகேந்திரனின் இலக்கம் அணைந்தே கிடந்தது. மூன்றாம் நாள், அலவத்துகொடையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நவாஸ் நானா என்னை அழைத்தார். மகேந்திரன் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்தக் கடை வாசலில்தான் நிற்பான். அவர் என்னோடு அதிகம் பேசியவர் இல்லை. அவர் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

"தம்பி, ஒன்னும் சொல்ல ஏலாம ஈக்கிது. சேர்ட ஊடு ஈந்த எடத்துல ஊடு இல்ல. மல அப்பிடியே எறங்கிட்டு. நாங்க பொடியன்மாரோட தோண்டிக்கிட்டுத்தான் ஈக்கிறோம்."

"புஷ்பாவும் பிள்ளையும்?"

"அவங்க கோயில்ல ஈந்தாங்க. சேர்தான் காலையில ஏறிப் போன."

நடந்தது பிறகு துண்டு துண்டாகத் தெரிந்தது. முதல்நாள் பின்னேரம் மழை விடாமல் பெய்யத் தொடங்கியதும் மகேந்திரன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கீழே மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்டான். அயல் வீடுகள் நாலையும் தட்டிக் கிளப்பி அழைத்து வந்ததும் அவன்தான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விடிந்தபோது மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. தர்ஷினி தன் பரீட்சை அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் வீட்டு அலுமாரியில் விட்டு வந்ததை நினைத்து அழத் தொடங்கினாள். அட்டை இல்லாமல் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் அத்தனை தடவை சொல்லியிருந்தார்கள். "பத்து நிமிஷத்துல வந்துர்றேன்" என்று சொல்லி, கோயில் பூசாரியின் குடையை வாங்கிக்கொண்டு ஏறினான். அவனை நாலாம் நாள் எடுத்தார்கள்.

புஷ்பாவும் தர்ஷினியும் சில வாரம் ஒரு பாடசாலையில் மற்றவர்களோடு தங்கியிருந்துவிட்டு, பிறகு குண்டசாலைக்கு வந்து என் தங்கை வீட்டின் பின்னறையில் இருக்கத் தொடங்கினார்கள். கருமாதி முடிந்த பிறகு ஒரு காலை புஷ்பா என்னோடு பேசினாள். அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். அவரு ஒங்க காலேஜில பேசுனாரே, அதுல அவரு கொரல் இருக்குமா? படம் ஸ்கூல்ல இருந்து குடுத்தாங்க. கொரல் எங்கயுமே இல்ல. எனக்கு இப்பவே மறக்கிற மாதிரி பயமா இருக்கு."

இந்தக் காலத்தில் ஒருவரின் குரல் இல்லாமல் போகுமா என்று நீங்கள் கேட்கலாம். மகேந்திரன் குரல் செய்தி அனுப்புகிற ஆள் இல்லை, எழுதித்தான் அனுப்புவான். புஷ்பாவிடம் இருந்தது பழைய பட்டன் போன். தர்ஷினியின் போன் அந்த வீட்டில் சார்ஜில் கிடந்தது. பள்ளி விழா வீடியோக்களில் அவன் பிள்ளைகளை வரிசைப்படுத்திக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிறான். பதினொரு வருடம் அவன் வாசித்த கவியரங்குகளுக்கு செட் கட்டியவன் நான். ஒன்றையாவது பதிந்து வைக்கத் தோன்றியதில்லை.

"தேடிப் பாக்குறேன் தங்கச்சி" என்றேன்.

தளத்தில் மிஞ்சிய அந்த ஒரு "வணக்கம்" தவிரத் தேட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் துறையின் சேமிப்பிடம் முழுவதையும் தேடினேன், கணினிப் பிரிவுக்கு எழுதினேன், பிரதி இருக்குமா என்று கெஞ்சினேன். இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஜூடித்திடம் போய்ச் சொன்னேன். அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இணையத்தளத்தில் அவன் படத்துக்குக் கீழே நினைவாக ஒரு வரி போடலாம் என்றாள். பிறகு, "அந்த விரிசல்கள் பற்றி அவர் சொன்னது என் மனதை விட்டுப் போகவே இல்லை. ஏதோ ஒரு விதத்தில் அவருக்குத் தெரிந்திருக்கிறது" என்றாள்.

"தெரிந்திருந்தது," என்றேன். "அது கவிதை இல்லை. வீட்டுக்கு மேலே நிஜமாகவே விரிசல் இருந்தது. அவர் அதைத்தான் சொன்னார். நான்தான் தவறாகச் சொன்னேன்."

ஜூடித் கண்ணை மூடிக்கொண்டு, "ம்ம்ம்" என்றாள்.

அதற்கு மேல் விளக்க என் ஆங்கிலத்தில் பலம் இருக்கவில்லை. அவள் என்ன புரிந்துகொண்டாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாசிப்புக்கு மைக் பொருத்திக்கொண்டிருந்தபோது மார்த்தா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்து எதையோ அழுத்தினாள். ஆறு வருடமாகப் பார்த்த காட்சி. காது கேட்காதவள் நேரம் பார்க்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அன்றுதான் குனிந்து கேட்டேன். கவிதைகள் தாளில் இருக்கின்றன, பேசுவதுதான் தனக்குப் பிடிபடுவதில்லை, அதனால் கலந்துரையாடலை மட்டும் பதிந்து வீட்டில் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்பேன் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். அவள் பயந்துபோனாள்.

சனிக்கிழமை அவள் தனியாக இருக்கும் முதியோர் குடியிருப்புக்குப் போனேன். நூற்றுக்கணக்கான பதிவுகள், ஒன்றுக்கும் பெயர் இல்லை. தேநீர் ஆறிப்போக இரண்டு மணி நேரம் ஒவ்வொன்றாகக் கேட்டோம். இருமல், கதிரை இழுபடும் சத்தம், வேறு நாட்டுக் கவிஞர்கள். பிறகு திடீரென்று அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து, "எழுதுறதுக்கு என்னா பயம்" என்றான் மகேந்திரன். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். மார்த்தா முழுவதையும் கேட்டுவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். இந்தத் தடவை ஒரு சொல் விடாமல், மெதுவாக, சரியாகச் சொன்னேன். அவள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் கேட்டதும் அதைத்தானே," என்றாள். "தாளில் வீடு சரிவில் இருப்பதாக இருந்தது. என் தகப்பன் சுரங்கத்து ஊர்க்காரர். அங்கே மலை இறங்கும். அதனால்தான் பாதுகாப்பா என்று கேட்டேன்."

அவளுடைய கேள்வியை நான் தவறாகச் சொன்னேன், அப்படியும் அவன் அதற்குச் சரியான பதிலைச் சொன்னான், அந்தப் பதிலையும் நான் தவறாகச் சொன்னேன்.

பதிவை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் கை தானாக வெட்டுகிற மென்பொருளுக்குப் போனது. என் குரலை எடுத்துவிட்டு அவன் குரலை மட்டும் அனுப்பினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் முழுவதும் அப்படியே வைத்திருந்தேன். பிறகு வெட்டாமல் அனுப்பினேன். அனுப்பி ஒரு மணி நேரத்தில் அழைப்பு வந்தது. புஷ்பா இல்லை, தர்ஷினி. குண்டசாலையில் அப்போது பின்னேரம். பின்னால் பஸ் ஹோர்ன் கேட்டது.

"மாமா, அப்பா மலையைப் பத்தித்தானே சொல்றாரு?"

"ஆமாம்மா."

"நீங்க இங்கிலீஷ்ல வேற மாதிரி சொல்றீங்க."

"நான் கவிதைன்னு நெனச்சிட்டேன்ம்மா."

"அப்பா கவிதைய தாள பாத்துத்தான் சொல்லுவாரு மாமா. பாக்காம சொன்னா பேச்சுத்தானே. ஒங்களுக்கு அது தெரியுமே."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவள், "கார்ட் இல்லாட்டியும் பரவாயில்லன்னு எங்க எல்லாரையும் எழுத விட்டாங்க மாமா" என்றாள். அழவில்லை. யாரோ கேட்ட விவரத்துக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். அந்தப் பிள்ளை தன் பங்கை மறைக்காமல் என் முன்னால் வைத்த பிறகு என்னால் என்னுடையதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கள் துறையின் பதிவு தானாக அழிந்து போகவில்லை, நான்தான் வெட்டினேன், வெட்கத்தில் வெட்டினேன் என்று சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்தேன். பிறகு புஷ்பாவின் குரல் வந்தது.

"அவ வெளிய போயிட்டா அண்ணே. என்னாச்சு?"

அவளிடமும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். "நீங்க தேடிக் குடுத்திருக்கீங்களே" என்றாள். அந்த வார்த்தையை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. தர்ஷினி அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நானும் அழைக்கவில்லை.

தை மாதம் கண்டி நண்பர்கள் மகேந்திரனுக்கு அஞ்சலிக் கவியரங்கு வைத்தார்கள். அதே வாசிகசாலை, அதே மேல்மாடி மண்டபம். அவன் குரலை அங்கே ஸ்பீக்கரில் போட வேண்டும் என்று புஷ்பா ஆசைப்பட்டாள். "இங்கிலீஷ் வேணாம் அண்ணே. அவரு கொரல் மட்டும் போதும்." இந்தத் தடவை அவர்கள் கேட்டு நான் வெட்டினேன். மூன்று நாள் உட்கார்ந்து, மார்த்தாவின் மடியில் உரசிய துணிச் சத்தத்தைக் குறைத்து, என் குரலை ஒவ்வொரு இடமாக எடுத்தேன். ஒரு இடத்தில் மட்டும் முடியவில்லை. "நெசமாத்தான் சொல்றேன்" என்று அவன் சொல்லி முடிக்குமுன்னே நான் அவசரப்பட்டு "ஹி செஸ்" என்று தொடங்கியிருக்கிறேன். என் சொல்லும் அவன் சொல்லும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. என்னுடையதை எடுத்தால் அவனுடையதும் போகிறது. விட்டுவிட்டேன்.

கூட்டத்தின் வீடியோவை என் தங்கை அனுப்பினாள். சாப்பாட்டு மேசையில் இருந்து பார்த்தேன்; வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. புஷ்பா முன்வரிசையில், பக்கத்தில் நவாஸ் நானாவும் அவர் மனைவியும். தர்ஷினி சுவரோரம் நின்றாள். அவன் குரல் வந்ததும் ஒருவரும் அசையவில்லை. "கையே உள்ள போகுது" என்ற இடத்தில் யாரோ விம்மினார்கள். கடைசியில் அந்த இடம் வந்தது. அவன் குரலுக்குள் ஒரு கணம், இரைச்சல்போல, தெளிவில்லாத ஒரு ஆங்கில ஒலி. அது என்னவென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. இரண்டொருவர் தலையைத் திருப்பி ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். மூலையில் அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, எனக்கு முன்பின் தெரியாத அந்த செட்காரர், பதறிப்போய் எழுந்து, குனிந்து, வயரை அழுத்திச் சரிசெய்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.